மறைந்த படத்தை மீட்கத் தெரிந்த யூபிளாக் ஆரிஜின்

ஆட் பிளாக்கர் என்றாலே எத்தனை விளம்பரத்தைத் தடுக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தடுக்கக் கூடாததைத் தடுத்துவிட்டால் அதை எவ்வளவு சுலபமாக மீட்க முடிகிறது என்பதே எனக்கு முக்கியம். அந்தக் கேள்வியோடுதான் யூபிளாக் ஆரிஜினை லேப்டாப்பிலும் ஆண்ட்ராய்டு போனிலும் பயர்பாக்ஸில் போட்டுப் பார்த்தேன். ரேமண்ட் ஹில் 2014இல் தொடங்கிய இது முற்றிலும் இலவசம், நன்கொடைகூட வாங்குவதில்லை.

நல்ல படங்கள் ஏன் காணாமல் போகின்றன? 2005இல் தொடங்கிய ஈஸிலிஸ்ட் போன்ற வடிகட்டிப் பட்டியல்களை வைத்துத்தான் இந்த மென்பொருள் வேலை செய்கிறது. படம் எதைக் காட்டுகிறது என்று அது பார்ப்பதில்லை, பெரும்பாலும் முகவரியைத்தான் பார்க்கிறது. வாடகை வீடு, பழைய பைக் விற்கும் வரி விளம்பரத் தளத்தில் படங்கள் ‘ஆட்ஸ்’ என்ற ஃபோல்டரில் இருந்தால் அவையும் சிக்கிக்கொள்ளலாம். பேனர் அளவான 728x90 கோப்பின் பெயரில் இருந்தாலும் இதே கதிதான். வீடு தேடுபவருக்கு அந்தப் படம்தான் தேவையான செய்தி என்பது பட்டியலுக்கு எப்படித் தெரியும்?

இப்படி நேர்ந்தால் பெரும்பாலானோர் யூபிளாக் ஐகானை அழுத்தினால் திறக்கும் பலகையில் உள்ள பெரிய பவர் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அந்தத் தளம் முழுவதற்கும் தடுப்பு அணைந்துவிடும். கன்ட்ரோல் விசையோடு அழுத்தினால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அணையும். விளம்பர வருமானத்தில் நடக்கும், நீங்கள் நம்பிப் படிக்கும் ஒரு பத்திரிகைக்கு இதைத் தாராளமாகச் செய்யலாம், நான் செய்கிறேன். ஆனால் ஒரே ஒரு படத்துக்காகக் கண்காணிப்பு நிரல்கள் எல்லாவற்றையும் உள்ளே விடுவது தேவையில்லாத விலை.

அதைவிட நல்ல வழி அதே பலகையின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. முதலில் கண் வடிவப் பொத்தானை மாற்றிவிட்டுப் பக்கத்தை மீண்டும் திறந்து பாருங்கள். படம் வந்துவிட்டால், அது ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. பக்க அமைப்பில் மறைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். வராவிட்டால் படத்துக்கான கோரிக்கையே தடுக்கப்பட்டிருக்கலாம். அப்போது லாகரைத் திறக்க வேண்டும். பக்கம் கேட்ட ஒவ்வொரு கோப்பும் அதில் வரிவரியாக ஓடும். தடுக்கப்பட்டவை சிவப்பில் தெரியும். படத்தின் வரியைக் கிளிக் செய்து, அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி என்று ஒரு விதி உருவாக்கினால் போதும். படம் வரும், விளம்பரங்கள் வராது. எந்தப் பட்டியலின் எந்த விதி தடுத்தது என்பதையும் லாகர் காட்டிவிடுகிறது. பயனரிடம் இவ்வளவு வெளிப்படையாகக் கணக்குக் காட்டும் மென்பொருளை மனதாரப் பாராட்ட வேண்டும்.

குறையும் அங்கேதான் இருக்கிறது. முதன்முதலில் பார்ப்பவரை லாகர் மிரட்டும். போன் திரையில் அந்த வரிகளைப் படிப்பதே பாடு. இந்த வேலையை லேப்டாப்பில் செய்வதே நல்லது.

குரோம் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. கூகுள் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் 2024, 2025இல் அங்கே யூபிளாக் ஆரிஜின் படிப்படியாக முடக்கப்பட்டது. மாற்றாக இருப்பது யூபிளாக் ஆரிஜின் லைட். தளத்துக்குத் தளம் தடுப்பின் வீரியத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அடியோடு நிறுத்தலாம். அன்றாடத்துக்கு அது போதும். ஒரு படத்தைத் தனியே மீட்கும் நுணுக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். அது வேண்டுமென்றால் பயர்பாக்ஸுக்கு மாறுவதையே பரிந்துரைப்பேன்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் படம் வரவில்லையா? போன் அமைப்புகளில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தைப் பாருங்கள். விளம்பரம் தடுக்கும் சேவையின் முகவரி அங்கே இருந்தால், பிரவுசரில் எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. அதை மாற்றிவிட்டுத்தான் பக்கத்தைத் திறக்க வேண்டும்.