துரூயிதர் கிரியையும் நம்மவர் மயக்கமும்

துரூயிதர் என்பார் பண்டைக் காலத்தே பிரித்தானியத்தினும், இன்று பிரான்சு எனப்படும் நாட்டினும் வாழ்ந்த கெல்திய மக்களின் குருமாராவர். அப்பெயர் 'திராவிடர்' என்பதனோடு ஒலியில் ஒத்தல் கண்டு, அவர் நம் முன்னோரே என்பாரும் நம்மவருள் உளர். இக்கூற்றுப் புதிதன்று. துரூயிதர் இந்தியாவினின்று குடியேறினாரின் குருமார் என நாட்டப் புகுந்த காட்பிரே ஹிக்கின்ஸ் என்னும் ஆங்கிலேயரின் நூல் 1829-இல் வெளிவந்தது. இதன் வன்மை மென்மைகளை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல்லை நோக்குக. 'துரூயிதர்' என்பதன் முற்பகுதி மரத்தையும் பிற்பகுதி அறிதலையும் குறிக்கும் என்பது மொழிநூலார் பலர் துணிபு. வடமொழியில் 'தாரு' என்பதும், 'வேதம்' என்பதற்கு அடியாகிய 'வித்' என்பதும் இவற்றிற்கு உறவாவன. 'திராவிடம்' என்பதோ 'திரமிடம்', 'திரமிளம்' என்னும் வடிவங்களோடு ஒருங்குவைத்து, தமிழ் என்னும் பெயரோடு தொடர்புபடுத்தப்படுவது. ஆகவே ஒலியொப்புமை ஒன்றே பற்றி உறவு கூறுதல் பொருந்தாது.

இனிக் கிரியையை நோக்குவாம். பழந் துரூயிதர் தம் மறைப்பொருளை எழுத்தில் வைத்திலர். மாணாக்கர் சிலர் 20 ஆண்டுகாறும் செய்யுட்களை நெட்டுருச் செய்தனர் என்று சீசர் எழுதுகின்றார். நம் வேதமும் எழுதாக் கிளவியே. ஆயினும் ஓதுவார் மரபு அறாமையின் அது நின்றது. உரோமர் ஆட்சியில் துரூயிதர் ஒடுக்கப்பட்டனர். பின்னர் அவர் மரபு அற்றது. அற்றவழி மறையும் உடன் அழிந்தது. 1792-இல் இலண்டனில் எட்வர்டு வில்லியம்ஸ் என்னும் வேல்ஸ் புலவர் நிகழ்த்திக் காட்டிய சடங்கு பழையதன்று, அவரே புனைந்தது.

1983-இல் அமெரிக்காவில் ஐசக் பானவிட்ஸ் என்பார் 'எம்முடைய துரூயிதம்' எனப் பொருள்படும் ஐரிஷ் பெயரால் ஒரு சங்கம் நிறுவினார். இந்தோ-ஐரோப்பிய மொழியினர் அனைவர்தம் சமயங்களையும் ஒப்புநோக்கி, இழந்ததனை மீட்டல் அவர் கருத்து. அச்சங்கத்தார் வழிபாட்டிடத்தே தீ, கிணறு, மரம் என்னும் மூன்றனை அமைப்பர். அறாத மரபு என்று பொய் புகலாது, புதிதாகக் கட்டுவதே என்று ஒப்பியும் கல்வியை வற்புறுத்தியும் நின்றமை பாராட்டற்பாலது.

ஆயினும் அம்மூன்றும் இந்தோ-ஐரோப்பியர்க்கே உரியனவோ? இராசிபுரத்து நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயிலைக் காண்க. பிற ஊர்களில் விழா முடிந்தவழிக் கம்பம் பிடுங்கப்படும். ஈண்டோ அம்மையின் கொழுநனாகக் கருதப்படும் கம்பம் ஆண்டு முழுதும் நிற்றலின் அம்மை இப்பெயர் பெற்றாள். ஐப்பசி விழாவிற் கம்பத்திற்கு நீர் வார்த்தலும் தீமிதித்தலும் உண்டு. மரம், நீர், தீ மூன்றும் ஈண்டும் உள. தமிழோ இந்தோ-ஐரோப்பிய மொழியன்று என்பதைக் கால்டுவெல் 1856-இலேயே விளக்கினார். பட்டினப்பாலையும் கந்து நட்ட பொதியிலைக் கூறுகின்றது.

அற்றேல், வடவரிடமிருந்து அவற்றை நாம் கொண்டோம் எனின், அப்பொழுதும் ஒப்புமை கொள்வினை கொடுப்பினையான் வந்ததாகுமே யன்றிக் குலவழி வந்ததாகாது. இருவாற்றானும் ஒப்புமை பிறப்புறவிற்குச் சான்றாகாமை காண்க. நம்மவர் கூற்றும் அவர் கூற்றும் இவ்வொரு குற்றத்தையே உடையன.

எஞ்சியது ஒன்று. பானவிட்ஸ் 1971-இல் வெளியிட்ட நூலில், மந்திரவித்தை தனக்கென நியதிகளையுடைய தொழில் என்றார். நம்மவருள்ளும் மாந்திரீகம் உண்டு. செய்வான் திறத்தால் பயன் விளையும் என்பது அதன் துணிபு. சித்தாந்தம் அவ்வாறு கொள்ளாது. வினை சடமாதலின் தானே பயன் தாராது, கூட்டுவிப்பான் இறைவனே. குருவருளால் தீக்கை பெற்று அன்பினால் இயற்றுங் கிரியை யோகத்திற்கும் ஞானத்திற்கும் படியாம். சித்தி அதன் பயனன்று. பாச நீக்கமே பயன்.

ஆதலின், ஒரு கிரியையின் பெருமையை அதன் தொன்மையானும் பிறநாட்டுச் சுற்றத்தானும் அளத்தல் தகாது. நம் ஊர்க் கம்பத்தின்முன் நீர்க்குடத்தோடு நிற்கும் மூதாட்டிக்குத் துரூயிதர் உறவு வேண்டுவதில்லை. அவள் அன்பு பொய்யாதெனின் அதுவே அமையும்.

திருச்சிற்றம்பலம்.