எழுத்துப் பெறாத பெயர்கள்: லூ சுன் சிறுகதைகளில் பெயரெழுத்துத் தேர்வு

ஆய்வுச் சுருக்கம்

சீன மொழியில் ஒரு பெயரை எழுதுவோர் அதன் ஒலியை மட்டும் எழுதிவிட இயலாது. அவ்வொலிக்குரிய பல எழுத்துகளுள் பொருளுடைய ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். லூ சுன்னின் சிறுகதைகளில் இத்தேர்வு யாருக்கு வாய்க்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெயர்களைக் குறியீடுகளாக மட்டும் விடுவிக்கும் வாசிப்பு, எழுத்தே கிடைக்காத மாந்தரைக் கவனிக்கத் தவறுகிறது என்பதும், 'ஆ க்யூவின் உண்மைக் கதை'யின் முதல் இயலில் வரும் பெயராராய்ச்சி அதன் இறுதி இயலில்தான் முழுப்பொருள் பெறுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபுகள்.

திறவுச்சொற்கள்: லூ சுன், சீன எழுத்து, பெயரிடல், ஆ க்யூ, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

தமிழில் ஒருவர் பெயரை எழுத அதன் பொருள் தெரிய வேண்டியதில்லை. ஒலி தெரிந்தால் போதும். சீன எழுத்து முறை அத்தகையதன்று. அங்கு ஓர் எழுத்து பெரும்பாலும் ஓர் அசையையும் ஒரு பொருளையும் ஒருங்கே சுமக்கிறது. ஒரே அசைக்கு வெவ்வேறு பொருளுடைய எழுத்துகள் பல உள்ளன. எனவே குடும்பப்பெயரையடுத்து வரும் ஓரிரு எழுத்துகளைத் தேர்வதென்பது பிள்ளைக்கு ஓர் ஒலியையும், அதனோடு ஒரு விருப்பத்தையும் சேர்த்து வழங்குவதாகும். குலவரலாற்றேடு பேணும் குடும்பங்களில் ஒரு தலைமுறையினர் அனைவருக்கும் பொதுவாக ஓர் எழுத்து விதிக்கப்படுவதும் உண்டு. இத்தேர்வுக்கு எழுத்தறிவு வேண்டும். எழுதப்பட்ட பெயரை மதித்துப் பயன்படுத்தும் சமூகமும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவரின் பெயர் என்னவாகிறது என்னும் வினாவை லூ சுன்னின் கதைகள் மீண்டும் மீண்டும் எழுப்புகின்றன.

தேர்வு வாய்த்தவர்கள்

லூ சுன் 1881ஆம் ஆண்டு ஷாவோசிங்கில், கற்றோர் குடும்பமொன்றில் பிறந்தவர். பேரன் பிறந்த செய்தி பெய்ஜிங்கிலிருந்த பாட்டனாருக்கு எட்டியபோது சாங் என்னும் குடும்பப்பெயருடைய அதிகாரி ஒருவர் அவரைக் காண வந்திருந்தார். அதனையொட்டிக் குழந்தைக்கு 'ஆ சாங்' என்னும் செல்லப்பெயர் அமைந்தது. பின்னர் அதே ஒலியுடைய வேறோர் எழுத்தைத் தேடி, 'கற்பூரமரம்', 'நீள் ஆயுள்' என்னும் பொருளுடைய ஈரெழுத்துகளால் 'சாங்ஷோவ்' எனப் பெயரிட்டனர். ஒலி தற்செயலாய் வந்தது; பொருள் தேடிச் சேர்க்கப்பட்டது. அவருக்கு வழங்கிய மற்றொரு பெயரான 'யூஷான்' குடையைக் குறிக்கும் சொல்லோடு ஒலியொத்திருந்ததால் பள்ளித் தோழர் எள்ளினர். அது 'யூட்சாய்' என மாற்றப்பட்டது. 1898இல் நான்ஜிங்கின் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தபோது, குலவரிசைப் பெயரோடு அங்குப் பயில்வது குடும்பத்திற்குப் பெருமையன்று என்று கருதப்பட்டதால், 'மாந்தரை வளர்த்தல்' என்னும் பொருள்தரும் 'ஷூரென்' வந்தது. 1918இல் தாயின் குடும்பப்பெயரான 'லூ'வைக் கொண்டு 'லூ சுன்' என்னும் புனைபெயரை அவரே அமைத்துக்கொண்டார்.

ஒரே மனிதர் நான்கைந்து முறை எழுத்துகளைத் தேர்ந்தும் திருத்தியும் கைவிட்டும் வாழ முடிந்துள்ளது. எழுத்தறிந்த வகுப்பினருக்குப் பெயர் கையாளத்தக்க உடைமையாக இருந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

'மருந்து' (1919) என்னும் கதையின் பெயர்கள் இத்தேர்ச்சியின் விளைவுகள். நோயுற்ற மகனையுடைய குடும்பத்தின் பெயர் 'ஹுவா'. கொல்லப்படும் புரட்சியாளனின் குடும்பப்பெயர் 'சியா'. இரண்டும் இணைந்தால் சீன நாட்டின் பழம்பெயரான 'ஹுவாசியா' கிடைக்கும். 'சியா யூ' என்னும் முழுப்பெயர், 1907இல் ஷாவோசிங்கில் தலை துணிக்கப்பட்ட சியு ஜின் என்னும் பெண் புரட்சியாளரை நினைவூட்டுவது. 'சியு' இலையுதிர்காலம், 'சியா' கோடை; 'ஜின்', 'யூ' இரண்டும் உயர்ந்த பச்சைமணிக்கல்லைக் குறிப்பன. கொலைக்களத்தருகே தொங்கும் மங்கிய பலகையின் நான்கு எழுத்துகளுள் ஒன்றை ஆசிரியர் வெற்றுக் கட்டமாகவே விட்டிருப்பது, சியு ஜின் கொல்லப்பட்ட இடத்தின் பெயரை வாசகரே நிரப்பிக்கொள்வதற்காகும்.

இவ்விளக்கங்கள் பலராலும் கூறப்பட்டவை, சரியானவையும்கூட. ஆயினும் இவற்றோடு நிற்கும் திறனாய்வு, லூ சுன்னின் பெயர்கள் அனைத்தையும் விடுவிக்க வேண்டிய புதிர்களாகக் கருதிவிடுகிறது. புதிர் போடவும் விடுவிக்கவும் எழுத்து வேண்டும். எழுத்தில்லாதவர்பால் திரும்பும்போது அவரது கலை வேறு வகையில் இயங்குகிறது.

குறையை நிரப்பும் பெயர்

'ஊர்' (1921) கதையில் வரும் ருன்துவின் பெயர்க்காரணம் கதையிலேயே கூறப்படுகிறது. பிறந்த ஆண்டு, திங்கள், நாள், நேரம் ஆகிய நான்கையும் குறிக்கும் எட்டு எழுத்துகளைக் கொண்டு, உலோகம், மரம், நீர், நெருப்பு, மண் என்னும் ஐந்தனுள் எது குறைகிறதெனக் கணிப்பதும், குறைவதைப் பெயரில் சேர்ப்பதும் சீன வழக்கம். மிகைத் திங்களில் பிறந்த இச்சிறுவனுக்கு மண் குறைவு. ஆகவே 'மிகைத் திங்கள்' என்பதன் முதலெழுத்தும் 'மண்' என்பதும் சேர்ந்து அவன் பெயராயின. இப்பாத்திரத்திற்கு மூலமாக இருந்த உழவரின் பெயர் 'யுன்ஷுய்'. அதில் அமைந்தது 'நீர்'. லூ சுன் நீரை மண்ணாக மாற்றினார். நீரைக் கதையில் ருன்துவின் மகனுக்கு, 'ஷுய்ஷெங்' என வைத்தார்.

எழுத்தறியா உழவருக்கும் பொருளுள்ள எழுத்து கிடைக்கும் இடம் இது. எனினும் அவ்வெழுத்து சோதிடக் கணக்கின் வழியாகவே வருகிறது. பெற்றோர் வேண்டுவது உயர்வன்று, உயிர் நிலைத்தல். மகன் இறந்துவிடுவானோ என்னும் அச்சத்தால் தந்தை நேர்ந்துகொண்டு கழுத்தில் வெள்ளி வளையம் பூட்டியதையும் கதை சொல்கிறது. முப்பதாண்டு கழித்து வரும் ருன்து, பஞ்சம், வரி, படைவீரர், கொள்ளையர் ஆகியவற்றால் நைந்தவர். இளமைத் தோழனை 'ஐயா' என விளிப்பவர். பெயரில் நிரப்பிய மண் வாழ்வின் குறையை நிரப்பவில்லை. அடுத்த தலைமுறையிலும் அதே வகைப் பெயரை வைத்ததன் மூலம், நம்பிக்கை தொடர்வதையும் நிலை மாறாததையும் ஆசிரியர் ஒருங்கே உணர்த்துகிறார்.

பிறர் வைத்த பெயர்கள்

'சலசலப்பு' (1920) கதையின் சிற்றூரில் பிறந்த குழந்தையை நிறுத்து, அந்த எடையையே பெயராக வழங்குகின்றனர். ஒன்பது ஜின் கிழவிக்குப் பேரன் ஏழு ஜின்; அவன் மகள் ஆறு ஜின். ஒவ்வொரு தலைமுறையும் முந்தியதைவிடத் தாழ்ந்தது என்னும் கிழவியின் ஓயாத புலம்பலுக்குக் குடும்பப் பெயர்களே சான்றாகிவிடுகின்றன. குலவரலாற்றேட்டின் தலைமுறை எழுத்து செய்யும் பணியை இங்குத் துலாக்கோல் செய்கிறது.

'கொங் இஜி' (1919) கதைத்தலைவரின் நிலை வேறு. அவர் கற்றவர், தேர்வில் தேறாதவர். குடும்பப்பெயர் கன்பூசியசின் குடும்பப்பெயரான 'கொங்'. சிறுவர் எழுதிப் பழகும் தாளில் அப்பெயருக்குப் பின் வரும், எளிய கோடுகளாலான, பாதி புரியும் எழுத்துகளை எடுத்து ஊரார் அவருக்குப் பட்டப்பெயராக்கினர். பெருஞ்சீரகத்தைக் குறிக்கும் 'ஹுய்' என்னும் எழுத்தை நான்கு வகையாக எழுதத் தெரிந்த அம்மனிதரின் சொந்தப் பெயர் கதையில் எங்கும் இல்லை. எழுத்தறிவு மட்டும் ஒருவருக்குப் பெயரைப் பெற்றுத்தராது என்பதற்கு இக்கதை சான்று.

'புத்தாண்டுப் படையல்' (1924) கதையின் பெண், வேலைக்கு வந்தது முதல் 'சியாங்லின் அண்ணி' என்றே அழைக்கப்படுகிறாள்; அவளது குடும்பப்பெயரை எவரும் கேட்கவில்லை. சியாங்லின் இறந்த முதற்கணவன். மறுமணமாகி இரண்டாம் கணவனையும் இழந்து திரும்பிய பின்னரும் ஊரார் அப்பெயரை மாற்றவில்லை. 'சியாங்' என்பதன் பொருள் 'மங்கலம்'. மங்கலமற்றவள் எனப் படையற் கலங்களைத் தொடத் தடுக்கப்படும் பெண்ணை, தடுப்போரே நாள்தோறும் மங்கலச் சொல்லால் அழைக்கின்றனர். அச்சொல் அவளுடையதன்று என்பதால் அம்முரண் எவர் செவியிலும் படுவதில்லை. எழுத்தை அறிந்த வாசகர் கண்ணுக்கு மட்டுமே அது புலப்படுகிறது.

ஆ க்யூ: முதல் இயலும் இறுதி இயலும்

'ஆ க்யூவின் உண்மைக் கதை' 1921 டிசம்பர் முதல் 1922 பிப்ரவரி வரை பெய்ஜிங் நாளிதழின் இணைப்பில் ஒன்பது இயல்களாக வெளிவந்தது. முதல் இயலில் கதைசொல்லி, நாயகனின் வரலாற்றை எழுதத் தமக்குள்ள இடர்களை அடுக்குகிறார். குடும்பப்பெயர் தெரியவில்லை, தானும் சாவ் குடும்பமே என ஒருமுறை உரிமை கொண்டாடியபோது சாவ் பெரியவர் அவனை அறைந்தார். பெயரின் ஒலி 'குவெய்', எழுத்து எது? பொன்னிற மணப்பூமரத்தைக் குறிப்பதா, உயர்வைக் குறிப்பதா? நிலாவைச் சுட்டும் கற்றோர் பெயரோ, நிலாவிழாத் திங்களில் கொண்டாடிய பிறந்தநாளோ இருந்தால் முதலாவது எனலாம். செல்வம் என்னும் பொருளுடைய பெயரில் உடன்பிறந்தார் இருந்தால் இரண்டாவது எனலாம். அவனுக்கு எதுவும் இல்லை. ஒலிக்குறி எழுத்துகள் 1918இல் அறிவிக்கப்பட்டும் பரவாத நிலையில், அயல்நாட்டு எழுத்தால் எழுதிச் சுருக்கி 'க்யூ' என்கிறார். உறுதியானது 'ஆ' மட்டுமே என்று அவர் தேறுகிறார். அதுவோ பெயருக்கு முன் வழங்கும், தனிப்பொருளற்ற ஒட்டு.

இவ்வியல் நகைச்சுவைப் பகுதிக்காக எழுதப்பட்டது. ஆகவே இதில் ஆழம் தேடுதல் மிகை என்று மறுக்கலாம். பகுதியின் இயல்புக்கேற்ற நகை இதில் உண்டு என்பதை லூ சுன்னே பின்னர் எழுதியுள்ளார். ஆனால் எழுத்தை முடிவுசெய்யக் கதைசொல்லி தேடும் சான்றுகள் எத்தகையவை என நோக்க வேண்டும். கற்றோர் பெயர், பிறந்தநாள் விழா, உடன்பிறந்தார், குலம் ஆகிய இவை அனைத்தும் சமூகத்தில் இடமுடையோர் விட்டுச்செல்லும் தடங்கள். எழுத்து பொருளை மட்டுமன்றி உறவுகளையும் வேண்டி நிற்கிறது.

மேலும், கதைசொல்லி கடைசி முயற்சியாக ஆ க்யூவின் வழக்குக் கோப்பைப் பார்த்துவரச் சொல்கிறார். எட்டுத் திங்களுக்குப் பின், அவ்வொலியை ஒத்த பெயர் எதுவும் கோப்பில் இல்லை என விடை வருகிறது. முதல் வாசிப்பில் இது இன்னொரு வேடிக்கை. ஒன்பதாம் இயலில் அக்கோப்பு உருவாவதைக் காண்கிறோம். வாக்குமூலத்தில் கையொப்பமிடச் சொல்கின்றனர், எழுதத் தெரியாதென்கிறான், வட்டம் வரையச் சொல்கின்றனர். வட்டம் வட்டமாக அமைய வேண்டுமென முழுமூச்சாய் முயல்கிறான். தூரிகை நடுங்கி, அது முலாம்பழ விதைபோல் ஆகிவிடுகிறது. அவன் வருந்துவது அதற்காகவே. கோப்பில் பெயர் இல்லாதிருப்பதற்கான காரணம் இங்கே இருக்கிறது எனக் கொள்ளலாம். பெயரின்றி ஒருவனைக் கொல்ல அரசால் முடிந்தது. பெயரின்றி அவன் வரலாற்றை எழுதக் கதைசொல்லியால் முடியவில்லை. தலைப்பின் அயலெழுத்து இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேர்மையான தீர்வு: கதைசொல்லி விரும்பியிருந்தால் மணப்பூவையோ உயர்வையோ எழுதியிருக்கலாம், இல்லாத ஒரு பொருளை அவனுக்கு நல்க மறுத்தார்.

தமிழாக்கம் எதிர்கொள்ளும் சிக்கல்

இக்கதைகளைத் தமிழில் வாசிப்போருக்கு எல்லாப் பெயர்களும் ஒரே தன்மையுடைய ஒலிகளாகின்றன. ருன்துவின் பெயர்க்காரணம் கதைக்குள் இருப்பதால் அது தப்பிவிடும். சியாங்லினில் உள்ள மங்கலம் மறைந்துவிடும். 'க்யூ' எனத் தமிழில் எழுதியதும், சீன எழுத்துகளிடையே அந்நியமாய் நின்ற ஒற்றை எழுத்து மற்றவற்றோடு கலந்துவிடுகிறது. பெயர்களை முற்றாகத் தமிழாக்குவதும் தீர்வாகாது. ருன்துவை 'மண்ணாங்கட்டி' எனப் பெயர்த்தால், பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் வைக்கப்படும் இழிவுப்பெயரின் காரணமே தமிழ் வாசகர் நினைவில் எழும். சீனக் கதையிலுள்ள, குறையை நிரப்பும் காரணம் திரியும். ஒலியை அப்படியே வைத்து, பெயரெழுத்தின் பொருள் கதையின் இயக்கத்தில் பங்கேற்கும் இடங்களில் மட்டும் குறிப்புத் தருவதே தக்கது. 'க்யூ' அயலெழுத்து என்பதை முன்குறிப்பில் கூறாத பதிப்பு, முதல் இயலின் வாதத்தையே வாசகரிடமிருந்து மறைத்துவிடும்.

முடிவுரை

லூ சுன்னின் பெயர்களுள் ஒரு பகுதி கற்றோரின் சொல்விளையாட்டு. மற்றொரு பகுதி அவ்விளையாட்டில் இடம்பெறாதோரின் பதிவு. எடை, சோதிடக் கணக்கு, எழுத்துப்பயிற்சித் தாள், இறந்த கணவன் ஆகியன எளியோர்க்குப் பெயர் வழங்குகின்றன. ஆ க்யூவுக்கு அவையும் இல்லை. ஆதலின் இக்கதைகளில் ஒரு பெயரின் பொருள் யாது என்னும் வினாவோடு, அதனை எழுதியவர் யார் என்னும் வினாவையும் திறனாய்வாளர் கேட்டாக வேண்டும்.