சொரிமுத்தையனார் கோயில் குடில்

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் வாழ்கிறவர்களுக்கு, ஆடி அமாவாசையை ஒட்டி, பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுக் காட்டில், சொரிமுத்தையனார் சந்நிதியருகே, படுதா கட்டிய குடிலில் குழந்தை குட்டிகளோடு தங்கி, தாமிரபரணியில் வேளைதோறும் ஸ்நானம் செய்து, மூன்று கல்லைக் கூட்டிய அடுப்பில் பொங்கியுண்பதைக் காட்டிலும் பெரிய ஆனந்தம் வேறில்லை. அக்குடிலின் லட்சணமே அதன் குறைபாடுதான்: கதவில்லை, சுவரில்லை, ஆகையால் அடுத்த குடும்பத்துக் குழம்பின் வாசனையும் தாலாட்டும் நமக்கும் பாத்தியமாகிவிடுகின்றன. 1988-இல் களக்காடு முண்டந்துறை வனப்பகுதி புலிகள் காப்பகமான பின், தங்கும் நாட்களுக்கும் பிளாஸ்டிக் பைகளுக்கும் வனத்துறையார் விதித்த நிபந்தனைகளைச் சிலர் குறைகூறுகிறார்கள். பாபநாசத்தில் ஆற்றோடு விடப்படும் பழந்துணிகளின் குவியலைக் கண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.