திருவெண்ணெய்நல்லூர் அருட்டுறையும் பெண்ணையாறும்

விழுப்புரம் மாவட்டத்திற் பெண்ணையாற்றின் தென்பால் உள்ளது திருவெண்ணெய்நல்லூர். நம்பியாரூரரை இறைவன் தடுத்தாட்கொண்ட தலமும், மெய்கண்டதேவர் சிவஞானபோதம் அருளிய தலமும் இதுவே. ஆண்டுள்ள திருக்கோயிலுக்கு அருட்டுறை என்பது பெயர்.

ஏழாந் திருமுறையின் முதற்பதிகம் இத்தலத்தது. அதன் பத்துத் திருப்பாட்டுக்களினும் பெண்ணையாறு தவறாது வருகின்றது. இதனை வெறுந் தலவருணனை என்றும், பதிகத்தின் உயிர் இறைவனைப் பித்தனென விளித்த வன்மையிலேயே உள்ளதென்றும் கூறுவாருளர். அது பொருந்தாது. அவ்விளி முதற்பாட்டில் ஒருமுறையே வந்து ஒழிகின்றது. ஆறும், துறையும், ஆளான பின்னர் அல்லேனென மறுத்தல் தகுமோ என்னும் இரக்கமுமே பாட்டுத்தோறும் வருகின்றன. பன்முறை வருவதை விடுத்து ஒருமுறை வந்ததையே பற்றிப் பொருள் காண்டல் உரைநெறியன்று.

துறையாவது கரையில் நிற்பான் ஆற்றினுள் இறங்குதற்கு அமைந்த இடம். துறையில்லையேல் ஆறு அருகே ஓடியும் பயனில்லை. திருவருளும் அத்தன்மைத்து. திருவாவடுதுறை, திருப்பாற்றுறை எனப் பிறதலப் பெயர்களினும் துறை வருமாலோ எனின், வரும். ஆயினும் அருள் என்னும் அடைபெற்று, ஆட்கொண்ட வரலாற்றோடு இயைந்து நிற்றல் இதற்கே உரிய சிறப்பென்க.

அவ்வரலாற்றைச் சேக்கிழார் உரைக்கின்றார். புத்தூரில் மணப்பந்தரின்கண் முதிய வேதியராய் வந்த பெருமானது ஓலையை நம்பி கிழித்தெறிந்தார். வெண்ணெய்நல்லூர் அவையில் மூலவோலை காட்டப்படவே வழக்கில் தோற்றார். இவ்வூரில் உமது இல்லம் யாதென வினவியபோது, வேதியர் அருட்டுறையினுட் புக்கு மறைந்தார். ஓலையால் வழக்குத் தீர்ந்தது. திருக்கோயில் வாயிலில் ஐயந் தீர்ந்தது.

சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம், ஐம்புல வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த உயிர்க்கு முதல்வனே குருவாய் வந்து உணர்த்துவன் என்கின்றது. அதற்கு இவ்வரலாறு ஏற்ற எடுத்துக்காட்டாம். மூலவோலை பாட்டனார் காலத்தே எழுதப்பட்டது. அடிமை அன்று புதிதாய் விளைந்ததன்று. முன்னரே உள்ளது உணர்த்தப்பட்டது.

இறுதிப்பாட்டில் ஆறு கார்ப்புனல் பெற்று, திரைகளாகிய கைகளாற் கரையை அகழ்ந்து, மணிகளை உந்தி வருகின்றது. கோடையில் மணற்பரப்பை மட்டும் கண்டார் இதனை உயர்வுநவிற்சி என்பர். 2024 திசம்பர்த் தொடக்கத்திற் பெஞ்சல் புயல்மழையாற் சாத்தனூர் அணையினின்று திறந்த நீர் பெருக்கெடுத்து வந்தமை கண்டார் அங்ஙனம் கூறார். ஆள் அல்லேன் எனத் தருக்கிய நெஞ்சின் கரையை அருள்வெள்ளம் அகழ்ந்ததையே நம்பி ஆற்றின்மேல் வைத்துப் பாடினார் எனக் கொள்ளுதல் பதிகப்போக்கிற்கு இயைவதாம்.

அருட்டுறை செல்வோர் பலர் கோபுரமும் மண்டபமும் கண்டு மீள்கின்றனர். முதற்பாட்டை மட்டும் ஓதி அமைவாரும் பலர். பத்துப் பாட்டையும் அவ்வாயிலில் நின்று ஓதுக. அது காட்சிக்குரிய பழங்கட்டடம் அன்று, தம்மை உடையானது இல்லம் என்பது அப்பொழுது விளங்கும். அவ்விளக்கமே துறையிற் படிதலாம்.