மூலத்தில் இப்படி இல்லை

கல்கியின் நாவலைத் தழுவிய ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலில் வெளியானது. வெள்ளவத்தையில் படம் பார்த்துவிட்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் இரத்மலானைக்குத் திரும்பிய வழியெல்லாம் ஒரே பேச்சு: “மணிமேகலையைக் காணேல்லை. கல்கி இப்பிடி எழுதேல்லையே!” பின்னர் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தபோதும் அதே முறைப்பாடுதான்.

இந்த ஒப்பிடும் பழக்கத்தை நான் மதிக்கிறேன். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த கதையைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்து வைத்த வாசகர்களின் வழிவந்தது அது. ஐந்து பாக நாவலை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்கும்போது எது கைநழுவியது என்று அவர்களால்தான் சொல்ல முடியும். அவர்கள் பேச்சைக் கேட்டு நாவலைத் தேடிப்போன இளையோரும் உண்டு.

ஆனால் விடுபட்டதை எண்ணுவதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். நாவலில், பின்னாளில் இராசராசனாகும் அருள்மொழி விட்டுக்கொடுக்கும் முடி சேந்தன் அமுதனுக்குப் போகிறது. பிறப்பிலேயே ஆள்மாறிப்போன உண்மையான மதுராந்தகன் அவன்தான். பூத்தொண்டு செய்து வாழ்ந்தவன், அரியணையை விரும்பாதவன். படத்தில் இயக்குநர் மணிரத்னம் அந்த ஆள்மாறாட்டத்தையே நீக்கி, அரசுக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனிடமே அருள்மொழியை முடியைக் கொடுக்கவைக்கிறார். தகுதியானவனைக் கண்டு விட்டுக்கொடுப்பது ஒன்று. போட்டியாளனுக்கே விட்டுக்கொடுப்பது வேறொன்று. தியாகத்தின் பொருளே மாறிவிட்டது. இதைப் பேசாமல், “வரலாற்றைத் திரித்துவிட்டார்கள்” என்று சிலர் கோபித்தார்கள். இராசராசனுக்கு முன் மதுராந்தகன் என்ற உத்தம சோழன் ஆண்டது வரலாறு. ஆள்மாறாட்டமோ கல்கியின் கற்பனை.

நாவலையே உரைகல்லாக வைத்தால் நாவலை உரைத்துப் பார்க்க முடியாது. இலங்கையில் இருக்கும் நமக்கு இது முக்கியம். ‘சுழல்காற்று’ பாகத்தில் அருள்மொழி அநுராதபுரத்தின் விகாரைகளைத் திருத்துவிக்கிறான். பிக்குகள் தரும் இலங்கை அரசுரிமையை மறுக்கிறான். வரலாற்றிலோ, 993இல் அதே இராசராசனின் படையெடுப்போடு அநுராதபுரம் தலைநகர் என்ற நிலையை இழந்தது. பொலன்னறுவை சோழர் ஆட்சியின் மையமாயிற்று. பக்கத்து வீட்டுச் சிங்கள நண்பருக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் அது. அவரோடு அமர்ந்து இந்தப் படத்தைப் பார்க்கையில், “கல்கி எழுதியபடி இருக்கிறதா?” என்ற கேள்வி போதாது. கல்கி ஏன் அப்படி எழுதினார் என்றும் கேட்க வேண்டும். அவரை நேசிக்கும் வாசகர் அந்தக் கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை.