மூன்றரை மாதச் சீசன்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆண்கள் கால்பந்து அணிகள் ஆகஸ்ட் தொடக்கத்தில் பயிற்சிக்குக் கூடுகின்றன. மாதக் கடைசியில் முதல் ஆட்டம். டிசம்பர் நடுவில் தேசிய சாம்பியன் யார் என்று தெரிந்துவிடும். இடைப்பட்ட நாட்களில் ஓர் அணி பதினாறு முதல் இருபது ஆட்டங்கள் வரை ஆடுகிறது. பிறகு, தான் சேர்ந்திருக்கும் கல்லூரிக் கூட்டணியின் கோப்பைப் போட்டி. அதற்கும் பிறகு 48 அணிகள் மோதும் தேசிய நாக்அவுட். ஐரோப்பாவின் தொழில்முறைக் கிளப்புகள் ஒன்பது, பத்து மாதங்களில் பரப்பி ஆடும் ஆட்டங்களில் ஏறக்குறைய பாதியை இவர்கள் மூன்றரை மாதத்தில் ஆடி முடிக்கிறார்கள். ஆடுகிறவர்கள் வகுப்புக்குப் போய், தேர்வெழுதி, மதிப்பெண் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய மாணவர்கள்.

கல்லூரிக் கால்பந்தைப் பழைய காலத்து மிச்சம் என்று ஒதுக்குகிறவர்கள் அமெரிக்காவிலேயே நிறையப் பேர். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த அமைப்பில் உலகின் வேறெந்தக் கால்பந்து அமைப்பிலும் எளிதில் கிடைக்காத நன்மைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றுகூட இந்த நெருக்கடியான அட்டவணையால் விளைந்ததில்லை. குறைகளில் பெரும்பாலானவை அதனால் மட்டுமே விளைந்தவை. என் வாதம் இதுதான்.

நன்மையிலிருந்தே தொடங்கலாம். 2024 சீசனில் வெர்மான்ட் பல்கலைக்கழக அணி, தரவரிசை இடம் எதுவும் தரப்படாமல் தேசிய நாக்அவுட்டுக்குள் நுழைந்தது. கனடா எல்லைக்கு அருகே பர்லிங்டன் என்ற சிறு நகரத்திலிருந்து வந்த அணி அது. பெரும்பணம் புழங்கும் கூட்டணி எதிலும் அதற்கு இடமில்லை. காலிறுதியில் பிட்ஸ்பர்க்கை வென்றது. அரையிறுதியில் டென்வரைப் பெனால்டியில் கடந்தது. வட கரோலினா மாநிலம் கேரியில் நடந்த இறுதியாட்டத்தில் மார்ஷல் பல்கலைக்கழகத்துக்கு எதிராகப் பின்தங்கிச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் கோலடித்து 2-1 என்று வென்றது. எதிரே நின்ற மார்ஷலும் சில ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் கோப்பையைப் பிடித்தது. மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டன் நகரத்து அணியான அது, முதலிடத் தகுதியோடு வந்த கிளெம்சனையும் நடப்புச் சாம்பியன் ஜார்ஜ்டவுனையும் அடுத்தடுத்து வெளியேற்றி, இறுதியில் இந்தியானாவை 1-0 என்று வீழ்த்தியது. முதல் பிரிவில் இருநூற்றுச் சொச்சம் கல்லூரிகள் ஆடும் ஒரு விளையாட்டில், பணமும் பெயரும் இல்லாத ஊர் ஒன்று நாட்டின் சாம்பியனாக முடிகிறது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கிலோ கீழிருந்து மேலே ஏறும் வழியே கிடையாது. ஹண்டிங்டனுக்கும் பர்லிங்டனுக்கும் அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பது கல்லூரிக் கால்பந்துதான்.

இன்னொரு நன்மை, தாமதமாக வளர்கிறவனுக்குக் கிடைக்கும் இடம். ஐரோப்பிய அகாடமிகள் பதினாறு, பதினெட்டு வயதிலேயே பையன்களைச் சலித்து வெளியே தள்ளிவிடுகின்றன. மாட் டர்னர் கோல்கீப்பராகத் தீவிரமாக ஆடத் தொடங்கியதே பதின்ம வயதின் பிற்பகுதியில். ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஆடினார். 2016-இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் அவரை யாரும் எடுக்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து ஆர்சனல் அவரை வாங்கியது. 2022 உலகக் கோப்பையில் அமெரிக்காவின் கோல் அவர் கையில் இருந்தது. கிளின்ட் டெம்ப்சி ஃபர்மன் என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்து, நாட்டுக்காக 57 கோல் அடித்தார். கனடாவின் தஜோன் பியூகானன் சிரக்யூசில் ஆடி, பின்னர் இன்டர் மிலான் வரை போனார். கிறிஸ்டியன் புலிசிக் போன்றவர்கள் கல்லூரிப் பக்கமே வராமல் பதினாறு வயதில் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள் என்பதும் உண்மைதான். அவர்களுக்குக் கல்லூரி தேவையில்லை. ஆனால் டர்னர்களுக்கு அதைவிட்டால் வேறு வழி இருந்திருக்காது.

ஹோவர்ட் பல்கலைக்கழகத்தைச் சொல்லாமல் இந்த நன்மைகளின் பட்டியல் நிறைவு பெறாது. கறுப்பின மாணவர்களுக்கென உருவான அந்தப் பல்கலைக்கழகத்தில், டிரினிடாட்டிலிருந்து வந்த லிங்கன் ஃபிலிப்ஸ் என்ற பயிற்சியாளர் கரீபியன், ஆப்பிரிக்க மாணவர்களைக் கொண்டு ஓர் அணியைக் கட்டினார். 1971-இல் தேசியப் பட்டம் வென்றார்கள். ஆட்டக்காரர்களின் தகுதி குறித்த விதிகளைக் காட்டிக் கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. அந்தப் பட்டத்தைப் பறித்தது. 1974-இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் திரும்பி வந்து, அதுவரை அதிகப் பட்டங்கள் வென்றிருந்த செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தை அதன் சொந்த ஊரிலேயே பலமுறை நீண்ட கூடுதல் நேரத்துக்குப் பின் 2-1 என்று தோற்கடித்தார்கள். ஒரு கல்லூரி அணியின் சீசன் எவ்வளவு பெரிய பொருளைத் தாங்க முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. வெளிநாட்டு மாணவர்கள் அதிகம் ஆடுகிறார்கள் என்று இன்று எழும் முணுமுணுப்புக்கும் பதில் அதே அணியிடம் இருக்கிறது.

இனி அட்டவணை.

வெள்ளிக்கிழமை ஓர் ஆட்டம், அடுத்த செவ்வாயன்று இன்னோர் ஆட்டம் என்பதே இங்கே நடைமுறை. முதல் ஆட்டத்துக்கு மறுநாள் தசைகளைத் தளர்த்தும் ஓய்வு, அடுத்து ஒரு நாள் விடுமுறை, பிறகு எதிரணியைப் பற்றிய வீடியோ, லேசான ஓட்டம், மீண்டும் ஆட்டம். பந்தைக் கையாளும் நுணுக்கத்தையோ இடம் பிடித்து நகரும் பழக்கத்தையோ புதிதாகக் கற்றுத்தர வாரத்தில் ஒரு முழுநாள் மிஞ்சினாலே பெரிது. பதினெட்டு வயதில் வந்து சேரும் பையன் கற்றுக்கொள்ள வேண்டிய பருவத்தில், அவனுடைய பயிற்சியாளர் அடுத்த ஆட்டத்துக்கு எத்தனை பேரை நிற்கவைக்க முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். முப்போகம் விளைய வேண்டிய வயலில் எல்லாவற்றையும் ஒரே போகத்தில் எடுத்துவிடப் பார்க்கும் வேலை இது.

உடலுக்கு நேர்வது இன்னும் கடுமை. ஆகஸ்ட் வெயிலில் இரண்டு, மூன்று வாரத்துக்குள் ஆட்டத் தகுதிக்கு வந்தாக வேண்டும். சீசனுக்கு முந்தைய பயிற்சி நாட்களில் ஏற்படும் காயங்களின் வீதம் சீசன் நடுவே பயிற்சியில் ஏற்படுவதைவிட மிக அதிகம் என்பதை என்.சி.ஏ.ஏ.வின் காயப் பதிவுகளே நெடுங்காலமாகக் காட்டி வருகின்றன. தொடைத் தசை பிடித்துக்கொண்டவன் மூன்று வாரம் உட்கார்ந்தால், அவனுடைய ஆண்டில் கால்வாசி போய்விட்டது.

மாணவர் நலனுக்காக விதிகள் இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டு வேலை கூடாது, ஒரு நாள் கட்டாய விடுமுறை. ஆனால் அந்தக் கணக்கில் ஆட்ட நாள் என்பது, எவ்வளவு நேரம் பிடித்தாலும், மூன்று மணி நேரம்தான். பயண நேரம் கணக்கிலேயே வராது. 2024-இல் யு.சி.எல்.ஏ.வும் வாஷிங்டனும் பிக் டென் கூட்டணிக்குப் போனபோதும், ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் சேர்ந்தபோதும் இந்த விதியின் ஓட்டை எவ்வளவு பெரிது என்பது வெளிப்பட்டது. அந்த இடமாற்றங்கள் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு வரும் தொலைக்காட்சிப் பணத்துக்காக நடந்தவை. கால்பந்து மாணவனோ லாஸ் ஏஞ்சலிஸில் விமானம் ஏறி நியூஜெர்சியில் இறங்கி, மூன்று மணி நேர வித்தியாசத்தில் ஆடி, திரும்பி வந்து வகுப்பில் உட்கார வேண்டும். அவன் வாரத்தில் இரண்டு ஆட்டம் ஆடும் ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

நெருக்கடி ஆட்டத்தின் விதிகளையே மாற்றிவிட்டது. கல்லூரிக் கால்பந்தில் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம். முதல் பாதியில் வெளியேறியவன் அந்தப் பாதியில் திரும்ப முடியாது. இரண்டாம் பாதியில் வெளியேறியவன் ஒருமுறை திரும்பி வரலாம். களைத்த கால்களுக்கு இது தேவை. அதிகம் பேருக்கு ஆட வாய்ப்புக் கிடைக்கிறது என்ற நன்மையும் உண்டு. ஆனால் ஆட்டத்தின் குணம் கெட்டுப்போகிறது. இருபது நிமிடம் மூச்சுமுட்ட ஓடி நெருக்கிவிட்டு வெளியே போ, அடுத்தவன் வருவான் என்ற உத்தியே பல பயிற்சியாளர்களுக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. தொண்ணூறு நிமிடத்துக்குத் தன் பலத்தைப் பங்கிட்டு, எப்போது நடப்பது, எப்போது பாய்வது என்று முடிவெடுக்கும் அறிவுதான் நல்ல நடுக்கள ஆட்டக்காரனின் அடையாளம். அந்த அறிவு இங்கே வளர வழியில்லை. கல்லூரி முடித்துத் தொழில்முறைக் கிளப்புக்குப் போகிறவன் அதை இருபத்திரண்டு வயதில் முதலிலிருந்து கற்கிறான். 2022-இல் வழக்கமான ஆட்டங்களுக்குக் கூடுதல் நேரத்தை நீக்கினார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அது அறிகுறிக்குத் தந்த மருந்து.

எனக்கு அதிகம் உறுத்துவது டிசம்பருக்குப் பிறகு வரும் மாதங்கள். இளவேனில் பருவத்தில் ஓர் அணிக்குக் கணக்கில் சேராத ஐந்து ஆட்டங்கள் அனுமதி. உடலை வதைத்த இலையுதிர்காலத்துக்குப் பின் மாதக்கணக்கில் போட்டியே இல்லாத வெறுமை. மைதானம் பசுமையாக, வெயில் இதமாக இருக்கும் ஏப்ரலில் கோப்பை ஆட்டம் எதுவும் கிடையாது. தேசிய நாக்அவுட்டின் பெரிய ஆட்டங்களோ, வட மாநிலங்களில் தரை இறுகிப்போகும் நவம்பர் கடைசியில், நன்றி நவிலும் நாள் விடுமுறைக்கும் பருவத் தேர்வுக்கும் நடுவே, மாணவர்கள் ஊருக்குப் போய்விட்ட வளாகங்களில் நடக்கின்றன. கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் கோல் விழுந்தவுடன் ரசிகர்கள் டார்ட்டியா ரொட்டிகளை மைதானத்துக்குள் வீசுவது பேர்போன வழக்கம். அப்படிப்பட்ட கூட்டமும் கொண்டாட்டமும் இந்த விளையாட்டுக்குக் கிடைக்கக்கூடியவைதாம். ஆண்டின் தவறான முனையில் கோப்பையை வைத்து அதைக் கெடுக்கிறார்கள்.

நாக்அவுட்டைப் பற்றி என் மனம் இரண்டுபட்டிருக்கிறது. வெர்மான்டுக்கு வழிவிட்டதும் அதுவே, இந்தியானாவை வதைத்ததும் அதுவே. எட்டுப் பட்டம் வென்ற இந்தியானா 2017, 2020, 2022 சீசன்களில் இறுதிவரை வந்து மூன்றிலும் தோற்றது. ஒருமுறை ஸ்டான்ஃபோர்டிடம் கூடுதல் நேரத்தில், அடுத்து மார்ஷலிடம் கூடுதல் நேரத்தில், கடைசியாகச் சிரக்யூசிடம் பெனால்டியில். மாதக்கணக்கான உழைப்பை ஒரு உதையில் தீர்ப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயம் குறைவுதான். ஆனாலும் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். கல்லூரி விளையாட்டின் உயிர் அதில் இருக்கிறது.

மாற்ற வேண்டியது அட்டவணை. அதற்கான திட்டம் புதிதில்லை. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் சாஷோ சிரோவ்ஸ்கி முன்னின்று பல ஆண்டுகள் வாதாடியது இதற்காகத்தான்: அதே எண்ணிக்கை ஆட்டங்களை இரண்டு பருவங்களிலும் பிரித்து, பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றாக வைத்து, சாம்பியன் போட்டியைக் கோடைத் தொடக்கத்துக்கு நகர்த்துவது. 2020-இல் வாக்கெடுப்புக்கு வரவிருந்த அந்த முன்மொழிவு, பெருந்தொற்றால் கிடப்பில் போனது. 2025-இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு அமைத்த குழுவும் இதே திசையில்தான் பரிந்துரைத்தது.

எதிர்ப்பவர்களின் வாதங்களைத் தள்ளிவிட முடியாது. இளவேனிலில் லக்ராஸும் பேஸ்பாலும் மைதானத்தையும் மருத்துவ உதவியாளர்களையும் கேட்கும். சிறு கல்லூரிகளில் அவர்களே எண்ணிக்கையில் குறைவு. பட்டமளிப்பு முடிந்த பிறகும் மாணவர்களை விடுதியில் தங்கவைக்கச் செலவு உண்டு. 2025-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கைக்குப் பின், ஆட்டக்காரர்களுக்குப் பணம் பங்கிடும் பெரிய பல்கலைக்கழகங்கள் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் முதலிடம் தருகின்றன. அந்த நிலையில் கால்பந்துக்காகக் கூடுதலாக ஒரு டாலர் கேட்பதே ஆபத்து என்று அஞ்சும் பயிற்சியாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டங்களின் எண்ணிக்கை கூடப் போவதில்லை. வார நடுவில் விடும் வகுப்புகளும் அவசர விமானங்களும் குறையும். பெருந்தொற்றால் 2020 சீசன் 2021 இளவேனிலுக்குத் தள்ளிப்போய், மே 17-இல் மார்ஷல் கோப்பையை வென்றதையும் பார்த்தோம். அது பிரித்த சீசனாக இருக்கவில்லை, நாக்அவுட்டிலும் 36 அணிகள்தான். அதனால் முழுச் சோதனை என்று சொல்ல மாட்டேன். மே மாதத்தில் கல்லூரிக் கால்பந்து இறுதியாட்டம் நடத்த முடியும் என்பதை மட்டும் அது ஐயமின்றிக் காட்டியது.

மிக வலுவான மறுப்பு வேறொன்று. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் சாக்கர் பிப்ரவரியில் சீசனைத் தொடங்கியதால், பிரித்த அட்டவணையில் நல்ல ஆட்டக்காரர்கள் பாதியில் கல்லூரியைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் 2027-லிருந்து கோடையில் தொடங்கி அடுத்த இளவேனிலில் முடியும் உலக வழக்குக்கு மாறுவதாக அந்த லீக்கே அறிவித்துவிட்டது. கல்லூரிச் சீசன் மே மாதத்தில் முடிந்தால், தேறிய மாணவன் பட்டத்தோடு நேராக ஜூலையில் கிளப்புக்குப் போகலாம். பல்கலைக்கழகத் தலைவர்கள் இனியும் காத்திருக்கக் காரணமில்லை. சீசனைப் பிரிக்க வேண்டும். லீக் மாறும் அதே 2027-இல் பிரிக்க வேண்டும்.