ஏடும் ஏரும் இறைநம்பிக்கையும்: நம் பள்ளிகளின் பாடத்திட்டம் குறித்து ஒரு திறனாய்வு

மூளை, இருதயம், கை ஆகிய மூன்றையும் ஒருங்கே வளர்ப்பதே கிறிஸ்தவக் கல்வி என்னும் வாக்கியம் நம் திருச்சபைப் பள்ளிகளின் ஆண்டுவிழாக்களில் தவறாமல் ஒலிக்கின்றது. நாமும் அதனை மேடைகளில் பலமுறை கூறியிருக்கிறோம். கூறுவதற்கு எளிதான இவ்வாக்கியம் நம் உயர்நிலைப் பள்ளிகளில் உண்மையில் நடைபெறுகின்றதா, அன்றி மூன்றும் மூன்று அறைகளில் தனித்தனியே அடைபட்டுக் கிடக்கின்றனவா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் வினா.

செந்துறை வட்டாரத்தில் ஊழியம் செய்கையில் நாம் பார்த்த ஒரு பள்ளியை முதலில் குறிப்பிடலாம். அங்கே பாடவேளைகளுள் தோட்டவேலையும் ஒன்று, வேதபாடமும் ஒன்று. ஆனால் மண்வெட்டி யார் கைக்குச் சென்றது? காலந்தாழ்த்தி வந்தவன் கைக்கும், தேர்வில் தவறியவன் கைக்குமே சென்றது. நன்கு படிப்பவன் வகுப்பிலேயே அமர்ந்து கணக்குப் போட்டான். வேலை அங்குப் பாடமன்று, தண்டனை. வேதபாட வகுப்பிலோ மாற்கு 6:3இல் ஆண்டவரைச் சுட்டும் ‘தச்சன்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறப்பட்டது. இரண்டு பாடவேளைகளுக்கும் நடுவே ஒரு மணி அடித்தது, அவ்வளவே தொடர்பு. நாமும் அதைக் கண்டு பேசாமல் இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்பிளவு இன்று தோன்றியதன்று. நெல்லைத் திருச்சபையின் நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1878ஆம் ஆண்டில் கலைத்தொழிற்பள்ளியை நிறுவினார். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் திக்கற்றுப்போன பிள்ளைகளுக்குத் தச்சும் நெசவும் பிறவும் கற்பித்து வாழ்வளித்த அப்பணியைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆயினும், தொழில் என்றால் அநாதைக்கும் ஏழைக்கும், ஏடு என்றால் உத்தியோகத்துக்குச் செல்பவனுக்கும் என்ற பாகுபாடு மிஷன் கல்வி முழுவதிலும் வேரூன்றிற்று. இரக்கத்தின் பெயரால் வந்த பிரிவினையும் பிரிவினையே.

இப்பிரிவினையைத் தகர்க்க முயன்றோருள் தமிழ்க் கிறிஸ்தவர் சிலர் முன்வரிசையில் நின்றதை நம் இறையியல் மாணாக்கர் அறிவது அவசியம். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டையடுத்து அமைந்த ஜாகீர் உசேன் குழுவின் அமைப்பாளர், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஈ. டபிள்யூ. ஆரியநாயகம். கொள்ளிடத்துக்குத் தென்புறம் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் அதில் உறுப்பினர். ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் மூன்று மணி இருபது நிமிடத்தை அடிப்படைக் கைத்தொழிலுக்கு ஒதுக்கியது அக்குழு. தொழில் பாடத்துக்குப் பக்கத்தில் நிற்பதன்று. அதன் வழியாகவே கணக்கும் அறிவியலும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. பொருளீட்டும் நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடலாகாது என்றும் அவ்வறிக்கை எச்சரித்தது. எனினும், பிள்ளைகள் செய்யும் பொருளின் விற்பனையால் ஆசிரியர் ஊதியம் கிடைக்கும் என்ற காந்தியடிகளின் எதிர்பார்ப்பு அந்த ஆபத்தை அருகிலேயே வைத்திருந்தது. மேலும், சமயங்கள் கற்பிக்கப்படும் முறை பிணக்கை வளர்க்கின்றது என அஞ்சி, சமயபோதனையை அவர் திட்டத்தினின்று விலக்கினார். வார்தாவில் கை உண்டு, மூளை உண்டு. இருதயத்தின் இடத்தைப் பொது ஒழுக்கம் நிரப்பிற்று.

பின்னர், வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேசையா தலைமையிலான குழு 1978இல் மேல்நிலைக் கல்வியை ஆராய்ந்து, ‘செய்யக் கற்றல்’ என்று பொருள்படும் தலைப்பில் அறிக்கை அளித்தது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொழிற்பிரிவுகளுடன் தொடங்கிற்று. ஆனால் அப்பிரிவுகள் நாளடைவில் குறைந்த மதிப்பெண் பெற்றோரின் புகலிடமாகவே கருதப்பட்டன. பழைய பிளவு புதிய பெயரில் மீண்டது. நாட்டுக்குக் கொள்கை வகுத்துத் தந்த கிறிஸ்தவரின் சொல்லை அவர்களுடைய சொந்தத் திருச்சபையின் பள்ளிகளே பெரும்பாலும் செவிமடுக்கவில்லை என்பது நம் வருத்தம்.

இங்கு நியாயமான ஒரு மறுப்பு எழும். 1953இல் இராஜாஜி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் மூன்று மணி நேரம் பள்ளியிலும், எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலிலும் ஈடுபட வேண்டும் என்றிருந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பு முதல் தொழிற்கல்வியைப் புகுத்தியபோதும் அதே ஐயம் எழுந்தது. செந்துறை வட்டத்துக் குழுமூரில், 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் மருத்துவக் கல்லூரியில் இடம் கிட்டாத ஒரு கூலித் தொழிலாளியின் மகளை 2017இல் நாம் இழந்தோம். இத்தகைய இல்லங்களுக்கு ஏடு ஒன்றே திறந்த வாசல்; அதுவும் முழுமையாகத் திறப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்தவனுக்கு மண்வெட்டி புதிய பாடமன்று, பழைய காயம். எனவே, அவ்வாசலைக் குறுக்கும் எந்தத் தொழிற்பாடமும் நற்செய்திக்கு மாறானது என்பதில் நமக்கு ஐயமில்லை.

அவ்வாறாயின் தொழிலை நீக்கிவிடலாமா? ஆகாது. நீக்கினால், கையால் உழைப்பது இழிவு என்ற சாதியின் போதனையை நாமே உறுதிப்படுத்தியவராவோம். பிழை தொழிலில் இல்லை. யார் செய்ய வேண்டும், எதற்காகச் செய்ய வேண்டும் என்று நாம் வகுத்த முறையில் உள்ளது. பவுலடியார் கூடாரத் தொழில் செய்தது, வேறு கதியின்றி அன்று. சபைக்குப் பாரமாயிராமலும், உழைப்போருக்குச் சமமாயிருந்தும் நற்செய்தி கூறவே. அவர் வாழ்வில் நூலும் ஊசியும் இறைப்பணியும் ஒரே கையில் இருந்தன.

இவ்வட்டாரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். இங்கு முந்திரிக் காடுகள் மிகுதி. முந்திரிக்கொட்டை உடைப்போரின் விரல்களை ஓட்டிலுள்ள எண்ணெய் பொசுக்குகின்றது. அது ஏன் பொசுக்குகின்றது என்பது வேதியியல். கொட்டையின் விலைக்கும் பருப்பின் விலைக்கும் இடையே உள்ள தொகை யாரைச் சேர்கின்றது என்பது கணக்கு. கையுறையும் பாதுகாப்பான கருவியும் செய்து பார்ப்பது தொழில். பொசுங்கிய அக்கை என் தாயின் கை, கர்த்தர் படைத்த கை என்று உணர்வது விசுவாசம். ஒரே பொருளில் நான்கும் கூடுகின்றன. நடுவே மணி அடிக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கமும், அரியலூர் மண்ணில் கிடைக்கும் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களும் இவ்வாறே அறிவியலுக்கும் படைப்பின் இறையியலுக்கும் வழிதிறக்கும்.

ஆகவே நம் பள்ளிகளின் பாடத்திட்டத்தை மூன்று வினாக்களால் அளக்கலாம். வேலை எல்லோருக்கும் உரியதா, தவறியோருக்கு மட்டுமா? அவ்வேலையினின்று அறிவு பிறக்கின்றதா, அன்றி வளாகம் மட்டும் தூய்மையாகின்றதா? வேதபாடம் அவ்விரண்டையும் நோக்கி ஏதேனும் பேசுகின்றதா? இம்மூன்றுக்கும் விடை இல்லாத பள்ளி எத்தனை விழுக்காடு தேர்ச்சி காட்டினாலும், அதன் கிறிஸ்தவப் பெயர் பெயர்ப்பலகையில் மட்டுமே நிற்கும்.

இறுதியாக, ஆயர்களாகிய நமக்கு ஒரு சொல். இறையியல் கல்லூரியில் ஆண்டுகள் பல பயின்று, கை அழுக்குப்படாமல் பீடத்தில் ஏறுபவர் நாமே. நம் கையில் மண்வெட்டியைக் காணாத மாணவன் நம் வாயிலிருந்து வரும் தச்சனின் கதையை எவ்விதம் நம்புவான்? பாடத்திட்டச் சீர்திருத்தம் கல்வி அலுவலகத்தில் தொடங்க வேண்டியதில்லை. அடுத்த வாரத் தோட்டவேலைப் பாடவேளையில், முதல் மாணாக்கனுக்கும் கடைசி மாணாக்கனுக்கும் நடுவே நாம் குனிந்து நிற்பதில் தொடங்கட்டும்.